வக்கீலம்மாவின் இடது கால்

ஜனவரி 14

என் அருமைக் கொக்கே,

நலமா என்று கேட்கமாட்டேன். இந்த சீசனில் ஒரு குதிரைகூட ஜெயிக்காத பயிற்சியாளன் நலமாகவா இருப்பான்? பேப்பரில் உன் போட்டோ பார்த்தேன். கீழே 'ஃபார்ம் இழந்த பயிற்சியாளர்' என்று போட்டிருந்தார்கள். ஃபார்மை விடு, உன் சட்டையில் மேல் பட்டனையே காணோம். தம்பி என்று வெளியில் சொல்லிக்கொள்ளவே கூச்சமாக இருக்கிறது.

போன் பண்ணாமல் ஏன் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் நான் ஒன்று சொன்னால் நீ ஒன்பது சொல்வாய். கடிதத்தில் நான் முடிக்கிறவரை நீ வாயை மூடிக்கொண்டுதான் இருக்க வேண்டும். நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவளுக்கு இவ்வளவு எழுத வருகிறதே என்று சந்தோஷப்பட்டுக்கொள்.

அடிபட்ட குதிரைகளைத் தேற்றுகிற என் லாயத்தில் உன் குதிரை வக்கீலம்மா நன்றாகத் தின்கிறாள். சேணம் போட்டால் வாதாடுகிறாள், கழற்றினாலும் வாதாடுகிறாள். அந்தப் பெயர் வைத்தவன் வாயில் சர்க்கரைதான் போட வேண்டும். பந்தயத்தில் இடது முன்னங்காலின் பின்பக்கத் தசைநார் கிழிந்து, கால் சுரைக்காய் மாதிரி வீங்கி, லாரியிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கினாளே, அந்த வீக்கம் எல்லாம் வடிந்துவிட்டது. டாக்டர் படமெடுத்துப் பார்த்து, ஓட விடலாம் என்றார். என் வீட்டுக்காரர், உன் மாமாதான் ஏறி ஓட்டுகிறார். இடுப்பில் தகடு வைத்த பழைய ஜாக்கியும் கால் போன குதிரையும் மணலில் ஒருவரையொருவர் தாங்கிக்கொண்டு போகிற அழகைப் பார்க்க நீ கொடுத்து வைக்கவில்லை.

நம் ஏற்பாடு உனக்குத் தெரியும். காலையில் நான் அந்த நாரில் கை வைத்துப் பார்ப்பேன். சூடு இருந்தால் உள்ளே ஆறவில்லை. ஜில்லென்று இருந்தால் சரி. என் கை 'போகலாம்' என்றால்தான் உன் லாரி என் வாசலுக்கு வரும்.

ஜில்லென்றுதான் இருக்கிறது. ஆனால் கொஞ்ச நாளாக நான் போகும்போதெல்லாம் அந்தக் கால் ஈரமாக இருக்கிறது. அந்த ஒரு கால் மட்டும். நீ எனக்கு உதவிக்கு அனுப்பினாயே ஒரு குதிரைக்காரன், அந்தத் தூங்குமூஞ்சியைக் கேட்டேன்.

"யாருய்யா இதக் கழுவினது?"

"தெரியலையேக்கா. தண்ணித் தொட்டியில வச்சிருக்கும்."

"ஒரு கால மட்டும் தொட்டியில வச்சிக்கிட்டு மூணு கால வெளியில வச்சிக்கிட்டு நின்னுச்சா? சர்க்கஸ்ல சேத்து விட்டுடலாமே."

சிரித்தான். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. பச்சைத் தண்ணீரைக் கொஞ்ச நேரம் பீய்ச்சினால் கொதிக்கிற காலும் ஜில்லென்றுதான் இருக்கும். அது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. போன கடிதத்திலும் அதற்கு முந்தினதிலும் 'கால் எப்படி இருக்கிறது' என்று மட்டும் கேட்டாய். அக்கா எப்படி இருக்கிறாள் என்று கேட்கவில்லை. உனக்கு என்ன அவசரம்?

பட்டனைத் தைத்துக்கொள்.

உன் அக்கா


ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

பட்டன் தைத்தாயிற்று. நீ எப்படி இருக்கிறாய்? கேட்டுவிட்டேன்.

என் அவசரம் உனக்குத் தெரியாததா? மார்ச்சில் பெரிய கப் பந்தயம். வக்கீலம்மாவின் முதலாளிக்கு அவளையும் சேர்த்து என்னிடம் ஏழு குதிரைகள் இருக்கின்றன. 'கப்பில் இவள் ஓடவில்லை என்றால் ஏழையும் வேறு இடத்துக்கு மாற்றிக்கொள்கிறேன்' என்றார். கத்திச் சொல்லியிருந்தால்கூடப் பரவாயில்லை. என் தோளில் கை போட்டுக்கொண்டு, சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் போனால் என் லாயத்தில் பாதிக்கு மேல் காலி.

நான் யாரையும் தண்ணீர் ஊற்றச் சொல்லவில்லை. தூங்குமூஞ்சியைச் சந்தேகப்படாதே. காலையில் அவன் தன் முகத்தையே கழுவமாட்டான், குதிரைக் காலைக் கழுவப் போகிறானா?

நானும் ஒன்று கேட்க வேண்டும். நாம் கண்ணாடி என்று கூப்பிடுகிற அந்த இன்னொரு பயிற்சியாளர் உன் இடத்தில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டுப் போனதாகக் கேள்விப்பட்டேன். என் முதலாளியை அவர் தன் பக்கம் இழுக்கப் பார்க்கிறார் என்பது பந்தய மைதானத்தில் எல்லோருக்கும் தெரியும். நீ அதை எனக்கு எழுதவில்லை. கால் ஜில்லென்று இருக்கிறது என்கிறாய், லாரிக்கு மட்டும் வழி விடமாட்டேன் என்கிறாய். நான் எதை நம்புவது?

மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
தம்பி


ஜனவரி 27

கொக்கே,

'அருமை'யை எடுத்துவிட்டேன், கவனித்தாயா?

கண்ணாடி வந்தது நிஜம். குளம்பில் சீழ் கட்டிய ஒரு குதிரையை என்னிடம் விட்டுப்போக வந்தார். டீ குடித்தார், பிஸ்கட் தின்றார். உனக்கு உளவு சொன்னவரிடம் எத்தனை பிஸ்கட் என்றும் கேட்டுக்கொள். இங்கே இருப்பது மூன்று பேர். அதில் நான் உளவு சொல்லவில்லை.

இப்போது என் உளவைக் கேள். தூங்குமூஞ்சியைக் கூப்பிட்டு, "போய் உங்கம்மாவப் பாத்துட்டு வாய்யா" என்று லீவு கொடுத்து அனுப்பினேன். கேட்காமலே லீவு கிடைத்ததில் அவன் பயந்தே போனான். "எதாச்சும் தப்புப் பண்ணிட்டேனாக்கா?" என்று வாசல் வரை கேட்டுக்கொண்டே போனான். அவன் போன மறுநாளும் கால் ஈரம். அதற்கு மறுநாளும் ஈரம். மீதி இருப்பது நான், உன் மாமா, நாய். நாய்க்குக் குழாய் திறக்கத் தெரியாது. எனக்குத் தூக்கத்தில் நடக்கிற வியாதி இல்லை.

எழுதியதைத் திரும்பப் படித்துப் பார்த்தேன். அடித்துவிடலாமா என்றிருந்தது. இருக்கட்டும்.

உன் மாமா கொஞ்ச நாளாகச் சரியில்லை. பயப்படாதே, உடம்புக்கு ஒன்றுமில்லை. சந்தோஷமாக இருக்கிறார். அதுதான் சந்தேகமாக இருக்கிறது. பாதித் தட்டோடு எழுந்துவிடுகிறார், கேட்டால் உடம்பு லேசாக இருந்தால் இடுப்புக்கு நல்லதாம். பரணில் கிடந்த சவாரி பூட்ஸை இறக்கிப் பாலிஷ் போடுகிறார். எதற்கு என்றால் உள்ளே பல்லி குடியேறிவிடுமாம். பாலிஷ் போட்ட பூட்ஸைப் பார்த்தால் பல்லி சலாம் வைத்துவிட்டுப் போய்விடும்போல.

நீ இத்தனை வருஷத்தில் 'மாமாவை நன்றாகப் பார்த்துக்கொள்' என்று ஒரு கடிதத்திலும் எழுதியதில்லை. அவரிடம் என்ன சொல்லி வைத்திருக்கிறாய்? நேராகப் பதில் எழுது. சுற்றி வளைத்தால் பஸ் ஏறி வந்து உன் குதிரைகள் பார்க்க உன் காதைத் திருகுவேன். உனக்கு இருக்கிற கொஞ்ச மரியாதையும் போய்விடும்.

அக்கா


பிப்ரவரி 2

அன்புள்ள அக்காவுக்கு,

சுற்றி வளைக்கவில்லை. நீ கடைக்குப் போயிருந்தபோது மாமா போன் செய்தார்.

"கப்புல வக்கீலம்மா மேல நான்தான்டா ஏறணும்" என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"மைதானத்துல விழுந்தப்ப ஆம்புலன்ஸ்ல தூக்கிப் போட்டாங்க பாரு, ஜனங்க என்னைக் கடைசியாப் பாத்தது அதுதான். அதோட முடிஞ்சிடக் கூடாதுடா" என்றார்.

"அக்கா கை சரின்னு சொன்னா சவாரி உங்களுக்குத்தான் மாமா" என்றேன். நான் சொன்னது அவ்வளவுதான். உன் கையை ஏமாற்றச் சொல்லவில்லை. கண்ணாடி வந்ததைச் சொன்னதும் மாமாதான். இதெல்லாம் உனக்குத் தெரிய வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார், நானும் சொல்லவில்லை.

சனிக்கிழமை கப்புக்குப் பெயர் கொடுக்கக் கடைசி நாள். தண்ணீர் படாத காலை ஒரு தடவை தொட்டுப் பார். கொஞ்சம் வெதுவெதுப்பு இருந்தால் அது முந்தின நாள் ஓடியதில் வந்ததாகவும் இருக்கலாம். அந்த மாதிரிக் காலோடு ஓடி ஜெயித்த குதிரைகளை நாம் இரண்டு பேருமே பார்த்திருக்கிறோம். ஏழு குதிரை, அக்கா. போனில் ஒரு வார்த்தை சொல், போதும். லாரி தயாராக நிற்கிறது.

தம்பி


பிப்ரவரி 6

தம்பி,

போனில் 'வேண்டாம்' என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். அதற்கு மேல் பேசியிருந்தால் அழுதிருப்பேன், நீ அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டிருப்பாய்.

விடியும்போதே போய் வக்கீலம்மாவின் அறையில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். உன் மாமா குழாயை இழுத்துக்கொண்டு, ஏதோ பாட்டு முனகிக்கொண்டு வந்தார். என்னைப் பார்த்ததும் பாட்டு நின்றுவிட்டது. குழாயில் தண்ணீர் மட்டும் போய்க்கொண்டே இருந்தது.

"நீ என்ன இங்க?" என்றார்.

"நீங்க என்ன இங்க?"

"செடிக்குத் தண்ணி ஊத்தலாம்னு வந்தேன்."

"நம்ம வீட்ல செடி ஏது?"

சுற்றுமுற்றும் பார்த்தார். வைக்கோலும் குதிரையும் நானும்தான் இருந்தோம்.

"வைக்கலாம்னு இருக்கேன்" என்றார்.

சிரித்துவிட்டேன். வேண்டுமென்று சிரிக்கவில்லை, வந்துவிட்டது. அவருக்கும் வந்தது. அப்புறம் நான் குனிந்து காலில் கை வைத்தேன். காய்ச்சல்காரர் நெற்றி மாதிரி இருந்தது. அதோடு எங்கள் சிரிப்பு போய்விட்டது.

"எப்போலேர்ந்து?"

"வேகத்தக் கூட்டினதிலேர்ந்து."

"தெரிஞ்சேதான் ஏறப் பாத்தீங்களா?"

"ஒரு ஓட்டம்தானே. தாங்கிடும்னு நெனச்சேன்."

"முழு வேகத்துல அந்த நார் அறுந்தா அவ தலைகுப்புற விழுவா. நீங்க அவளுக்கு அடியில கிடப்பீங்க. போன தடவை இடுப்புல தகடு வச்சாங்க. இந்தத் தடவை தகடு வைக்க என்ன மிச்சம் இருக்கும்?"

வக்கீலம்மாதான் அவர் தோளைக் கவ்விக்கொண்டு அவருக்காக வாதாடிக்கொண்டிருந்தாள்.

முந்தின நாள் ஓடிய வெதுவெதுப்பு என்று எழுதியிருந்தாய். முந்தின நாள் இங்கே நல்ல மழை. அவள் அறையை விட்டு வெளியே வரவே இல்லை. டாக்டரின் படமெடுக்கிற பெட்டி வேறு லாயங்களைச் சுற்றிக்கொண்டிருக்கிறது, மாதக் கடைசியில்தான் இங்கே வருமாம். அதுவரை உனக்கு என் கைதான். ஏழு குதிரை என்றால் என்னவென்று எனக்குத் தெரியாமல் இல்லை. உன் லாயத்து ஆட்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் சொல்கிறேன், லாரியை அனுப்பாதே.

அக்கா


பிப்ரவரி 18

கப்புக்கு அவள் பெயரைக் கொடுக்கவில்லை. முதலாளி வந்து ஆறு குதிரைகளையும் ஏற்றிக்கொண்டு போனார். கண்ணாடியின் லாயத்துக்குத்தான். வக்கீலம்மா குணமாகும் வரை உன்னிடம் இருக்கட்டும் என்றார். குணமானதும் அவளும் அங்கேதான்.

ஆறு அறைகள் காலி. ஆட்கள் பெருக்கின இடத்தையே பெருக்கிக்கொண்டு, நான் போனால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள். வேலையிலிருந்து யாரை நிறுத்தப் போகிறேன் என்று அவர்களுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

நீ சொன்னபடி செய்துவிட்டேன். கண்ணாடியோடு டீ குடித்தபோது என்ன பேசினாய் என்று கேட்கமாட்டேன்.

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம்.

தம்பி


ஏப்ரல் 8

என் அருமைக் கொக்குக்கு,

கொஞ்ச நாளைக்கு எழுத வேண்டாம் என்றாய். என் கணக்கில் கொஞ்ச நாள் ஆகிவிட்டது.

கேட்கமாட்டேன் என்று எழுதினால் கேட்டதாகத்தான் அர்த்தம். அதனால் சொல்கிறேன். மருமகள் தன்னை மதிப்பதில்லை என்று கண்ணாடி புலம்பினார். மதிக்கிற மாதிரி நடந்துகொள்ளுங்கள் என்றேன். உன் பெயரும் வரவில்லை, உன் முதலாளி பெயரும் வரவில்லை. இதற்கு என்னிடம் சாட்சி இல்லை. போன வாரம் கண்ணாடி, இன்னும் இரண்டு குதிரைகளை அனுப்பட்டுமா என்று ஆள் விட்டிருந்தார். இடமில்லை என்று சொல்லிவிட்டேன். இடம் இருக்கிறது. உன் ஆட்களில் இரண்டு பேரை இங்கே அனுப்பினால் நான் வேலை கொடுக்க முடியும். சாப்பாட்டில் குறை சொல்லாத ஆளாகப் பார்த்து அனுப்பு.

டாக்டர் படமெடுத்துப் பார்த்து, நாரில் புதிதாகச் சின்னக் கிழிசல் இருக்கிறது என்றார். முழு ஓய்வு கொடுத்தோம். உன் மாமாவை என்ன செய்தேன் என்று நீ கேட்கவில்லை, நானே சொல்கிறேன். குழாயின் கைப்பிடித் திருகைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டு அலைந்தேன். காலையில் வைக்கோலைத் தடவிப் பார்ப்பேன், வாளியைத் திருப்பிப் பார்ப்பேன், அவர் சட்டைக் கை ஈரமா என்று பார்ப்பேன். அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருந்தார். எங்கள் வீட்டில் கேலிப் பேச்சே நின்றுபோய்விட்டது. ஒரு நாள், ஏதோ சிரிப்பாகச் சொல்ல வாயெடுத்தவர், என் கை அவர் சட்டை நுனியைத் தடவிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டுச் சொல்லாமலே போய்விட்டார். அன்றைக்கு எனக்கு என்னவோபோல் ஆகிவிட்டது.

மறுநாள் குழாய்த் திருகை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

"இனிமே காலையில நீங்களே பாருங்க. நான் சமையல்கட்டுல இருப்பேன். பாத்துட்டு வந்து சொல்லுங்க."

"நானா?"

"உங்களுக்கும் கை இருக்குல்ல?"

அவர் நம்பவில்லை. நான் ஒளிந்திருந்து பார்ப்பேன் என்று நினைத்திருப்பார். அன்றிலிருந்து பார்த்துவிட்டு வந்து சொல்கிறார். "ஜில்லுன்னு இருக்கு" என்பார். எனக்குக் கை பரபரக்கும். அடுப்பைத் துடைத்துக்கொண்டு நிற்பேன். துடைத்துத் துடைத்து அடுப்பு புதுசு மாதிரி ஆகிவிட்டது.

டாக்டர் மறுபடி வந்து பார்த்தார். கால் ஜில்லென்றே இருந்தால் மெதுவாக ஏறி நடக்க விடலாம் என்று நாள் குறித்தார். அது இன்றைக்குத்தான். நேற்று சாயங்காலமே உன் மாமா சேணத்தைத் துடைத்து வெளியில் வைத்துவிட்டார். பூட்ஸையும் வைத்தார். பல்லியைப் பற்றி நானும் ஒன்றும் சொல்லவில்லை.

இன்று காலையில் அவர் வர நேரமாகிவிட்டது. வந்து கதவுப் பக்கமே நின்றார்.

"சூடு இருக்கு" என்றார். "லேசாத்தான். ஆனா இருக்கு."

சேணத்தை அவரே தூக்கிக்கொண்டு போய் உள்ளே வைத்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து உட்கார்ந்தார். டீ ஊற்றிக் கொடுத்தேன், இரண்டு பேரும் குடித்தோம். இந்தக் கடிதத்தை எழுதுகிற இந்த நேரம் வரை நான் லாயத்துப் பக்கம் போகவில்லை.

உன் அக்கா