மூன்று மணி போடி பஸ்

பங்குனி 5, வியாழன்

காலையில் விரல் மடங்காத குளிர். பத்து மணிக்கு மேல் கொளுத்தும் வெயில். எஸ்டேட் கிரெஷ்ஷில் நான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளில் இன்று பதினொன்றுதான். மற்றதுகள் தாய் தகப்பனோடு ஊரில், சாஸ்தா கோயிலில். பங்குனி உத்திரம் முடிந்து இனி ஒவ்வொன்றாகத் திரும்பும்.

எமர்ஜென்சி வந்ததிலிருந்து போடியிலிருந்து மலையேறி வரும் பஸ் நேரம் தப்புவதில்லை. சரியாக மூன்று மணி. பக்கத்து லயத்து வரிசை வீட்டு இசக்கி இறங்கினான், தோளில் ஓலைப்பெட்டி. என் தம்பி சுடலை கல்லை எடுத்து அவன் மண்டையில் போட்டான். ஒன்றல்ல, மூன்று தடவை. நான் ஓடிப் போவதற்குள் இசக்கி ஓடையில் கிடக்கிறான். காதோரம் ரத்தம். ரோடு முழுக்கக் கருப்பட்டி.

விறகுக் கட்டையால் சுடலையை அடித்தேன். முப்பது வயது உடம்பு, ஆறு வயதுப் புத்தி. தெரிந்துதான் அடித்தேன். கட்டை முறிந்த பிறகும் கையால் அடித்தேன். என் முழங்கையைக் கடித்துச் சதையை எடுத்துவிட்டான்.

இசக்கிக்கு ஒன்பது தையல். உயிர் இருக்கிறது.

பங்குனி 6, வெள்ளி

மேனேஜர் தொரை பங்களாவுக்கு வரச் சொல்லி ஆள் வந்தது. சூப்பர்வைசர்தான் பேசினார்.

"ஏம்மா பேச்சி, நாளக்கழிச்சு ஞாயிறு இல்ல, அதுக்கு அடுத்த ஞாயித்துக்கெழம, பதினஞ்சு, லாரி கீழ போவுது. அதுல ஏத்தி விட்டுருவோம். பைத்தியக்கார ஆஸ்பத்திரிக் கம்பிக்குள்ள கெடக்கட்டும்."

"அய்யா, அவன் இப்படி இல்லையே. தண்ணிக் கொடம் தூக்கிக் குடுக்காத வீடு உண்டா?"

"பொறவியிலேயே கிறுக்கு. இப்ப முத்திப் போச்சு. அம்புட்டுதான்."

டிஸ்பென்சரி கம்பவுண்டரும் அதையேதான் சொன்னார். ஊசி போட்டால் படுக்கிறான், எழுந்தால் அடிக்கிறான். சங்கிலி போட்டாயிற்று. மாட்டுச் சங்கிலி. அம்மா இருந்தால் என்னைச் செருப்பால் அடித்திருப்பாள்.

பங்குனி 8, ஞாயிறு

வாங்க வேண்டியது: உப்பு, மண்ணெண்ணெய், சங்கிலிக்கு நல்ல பூட்டு.

ரேடியோவைச் சுவரில் அடித்து உடைத்தான். பிறகு அதே சுவரில் தன் தலையை. விலக்கப் போன என் வீட்டுக்காரருக்கு மூக்கில் குத்து. எழவு, எனக்கும் அலுத்துவிட்டது. லாரி நாளைக்கே வந்தால் என்ன என்று ஒரு நிமிடம் நினைத்தேன். நினைத்ததை எழுதி வைக்கிறேன்.

பங்குனி 9, திங்கள்

கம்பவுண்டரிடம் சீட்டு வாங்கி, டவுன் ஆஸ்பத்திரி. என் வீட்டுக்காரர் ஒரு கை, நான் ஒரு கை. புது டாக்டரம்மா, மலையாளத்துக்காரர், பாதி தமிழ் பேசுகிறார். "இது எப்போ தொடங்கிச்சு?" என்று கேட்டார். பிறவியிலேயே என்று சொல்லப் போனேன். "புத்தி அல்ல, இவன் அடிக்கிறது," என்றார்.

பிறகு என்னை விட்டுவிட்டு அவன் பக்கம் திரும்பினார். "சுடலை, உனக்கு எந்தா சங்கடம்?"

இத்தனை வருடத்தில் யாரும் அவனிடம் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. அவர் முகத்தைப் பார்த்தான். "பஸ்ஸு" என்றான்.

அடித்த நாளையெல்லாம் பார்த்துச் சொல்லச் சொன்னார். டைரி இருக்கிறது என்றேன்.

பங்குனி 11, புதன்

பழைய பக்கங்களைப் புரட்டினேன்.

தீபாவளி கழிந்து நாலாம் நாள்: முனியம்மா சேலையைக் கிழித்தான். கார்த்திகையில்: பஸ் படியில் நின்ற பெரியவரைத் தள்ளிவிட்டான். பொங்கல் கழிந்து: மாடத்தியின் ஓலைப்பெட்டியை மிதித்து நொறுக்கினான், தடுத்தவள் கை பிசகியது. இப்போது இசக்கி.

எல்லாம் மூன்று மணி பஸ். எல்லாரும் ஊரிலிருந்து திரும்பினவர்கள்.

ஐப்பசியில் அம்மா செத்த அன்று இவனை டிஸ்பென்சரி அறையில் பூட்டி வைத்தோம். சொன்னால் இவனுக்கு என்ன புரியும் என்று சொன்னது நான். பொழுது சாய்ந்து திறந்துவிட்டபோது அம்மாவைக் கேட்டான். "அம்மா ஊருக்குப் போயிருக்கா" என்றேன்.

இந்த லயத்தில் ஊருக்குப் போனவர்கள் யார் திரும்பாமல் இருந்திருக்கிறார்கள்? பத்து நாளில் போடி பஸ்ஸில், கருப்பட்டியோடு வந்து இறங்குவார்கள். ஐந்து மாதமாக அத்தனை பேரும் வந்தார்கள். அவன் அம்மாவை மட்டும் யாரும் கூட்டி வரவில்லை.

பாவி நான். அவனைக் கட்டையால் வேறு அடித்தேன்.

"இப்பச் சொன்னா உன்னையக் கொன்னே போட்டுருவான்" என்கிறார் இவர். போடட்டும்.

பங்குனி 13, வெள்ளி

சங்கிலியைக் கழற்றினேன். யூகலிப்டஸ் மரங்களுக்குக் கீழே, அம்மாவைப் புதைத்த இடத்துக்குக் கூட்டிப் போனேன்.

"சுடலை, அம்மா ஊருக்குப் போவல. செத்துப் போயிட்டா. இந்தா, இதுக்குள்ளதான் இருக்கா. அக்கா பொய் சொல்லிட்டேன்."

முதல் அடி வாயில். ஒரு பல் போயிற்று. முடியைப் பிடித்துத் தரையில் மோதினான். வயிற்றில் உதைத்தான். இவர் கம்போடு ஓடி வந்தார், வர வேண்டாம் என்று கத்தினேன். பிறகு என்னை விட்டுவிட்டு மண்ணைத் தோண்டினான். "எந்திரிம்மா, எந்திரி." நகமெல்லாம் பெயர்ந்து ரத்தம். நான் தடுக்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டு அழுதேன். ஐப்பசியில் அவன் காதில் விழாமல் அழுத அழுகை.

என்னைப் பார்த்துவிட்டு அவனும் தன் மாரில் அடித்துக்கொண்டான்.

மகன் போட வேண்டிய மொட்டை ஐந்து மாதமாகப் பாக்கி. இவர்தான் சவரக்கத்தி எடுத்தார். கத்தியைக் கண்டால் ஓடுகிறவன் தலையைக் குனிந்து கொடுத்தான்.

பங்குனி 14, சனி

நாளை லாரி. வாய் வீங்கிக் கஞ்சிகூட இறங்கவில்லை. பிள்ளைகள் என்னைக் கண்டு பயந்து அழுதன.

மூன்று மணி. இசக்கி பெண்டாட்டி லட்சுமி ஊரிலிருந்து வருகிற நாள். பஸ் நிற்கிற இடத்தில் ஆறு ஆண்கள், கையில் கம்பு. நடுவில் சூப்பர்வைசர். சுடலை சங்கிலி இல்லாமல் முன்னால் நடக்கிறான், பின்னால் நான்.

லட்சுமி ஓலைப்பெட்டியோடு இறங்கினாள். அவனைக் கண்டதும் பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டாள். கம்புகள் உயர்ந்தன. அவன் அவள் முகத்துக்கு நேராகப் போய் நின்றான்.

"எங்கம்மா செத்துட்டா."

அடுத்து இறங்கியவரிடம் போனான். "எங்கம்மா செத்துட்டா." அடுத்தவரிடம். இறங்கிய ஒருவரையும் விடவில்லை. லட்சுமி பெட்டியைக் கீழே வைத்துவிட்டு வாய்விட்டு அழுதாள்.

"கம்பப் போடுங்கலே" என்றார் சூப்பர்வைசர்.

கடைசியாகப் பஸ் கண்டக்டர். படியில் நின்றபடி அவன் மொட்டைத் தலையைப் பார்த்தார்.

"அடப் பாவமே. எப்பய்யா?"

"நேத்து" என்றான்.