கண்டக்டர் இல்லாத இரண்டு ஊர்கள்

அப்பா,

இன்று காலை அம்மா பீரோவிலிருந்து உங்கள் காக்கிச் சட்டையை எடுத்தாள். வருஷத் திதிக்குப் புது வேட்டி வைத்துப் படைப்பதுதான் வழக்கம். "வேட்டி கட்டி அவர எத்தினி நாளு பாத்தோம்? இதத்தான் வைக்கணும்" என்று சொல்லிப் படத்துக்கு முன்னால் மடித்து வைத்தாள். எத்தனை முறை துவைத்தாலும் போகாத டீசல் வாசனை சாம்பிராணியை மீறி வந்தது. நீங்கள் விசில் ஊதிய தென்னேரி பஸ் கூடத்துக்குள் வந்து நின்ற மாதிரி இருந்தது.

கூடத்தில் என் வாழ்க்கை முடிவாகிக்கொண்டிருந்தது. அமெரிக்காவில் நான் படித்த கொலம்பஸிலிருந்தும் ஒரு வேலை வந்திருக்கிறது. ஒன்றரை ஆண்டாகத் தற்காலிகமாக வேலை பார்க்கும் பிட்ஸ்பர்கிலும் நிரந்தரமாக இருக்கச் சொல்கிறார்கள். நாளைக்குள் பதில் சொல்ல வேண்டும். என்னைத் தவிர எல்லோரும் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"கொலம்பஸ்தாம்மா" என்றார் மாமா. "எம் பையன் அங்க வூடு வாங்கிக்கினான். மாடியில ஒரு ரூம் சும்மா கெடக்குது. ஆபீசுக்கு அவனே கார்ல இட்டுக்கினு போயி வுடுவான். நம்ம ஜனங்களும் நெறைய இருக்குது."

"இவ வாயத் தொறக்கறதுக்குள்ள பனியே உருகிடும். தனியா எங்க இருக்கப்போறா?" என்றாள் அத்தை. எல்லோரும் சிரித்தார்கள். வழக்கம்போல நானும் சிரித்தேன்.

நீங்கள் ஊர் எப்படி என்று கேட்டதே இல்லை. பஸ் எப்படி என்றுதான் கேட்பீர்கள். கொலம்பஸ் போன முதல் வாரம், இறங்கும் இடத்தைக் கண்டக்டர் கூவுவார் என்று காத்திருந்து கடைசி நிறுத்தம் வரை போய்விட்டேன். போனில் சொன்னதும் உங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"கண்டக்டரே இல்லியா? அப்ப எப்படிம்மா எறங்குவாங்க?"

"கயிறு இருக்குதுப்பா. இழுத்தா மணி அடிக்கும்."

"இழுக்க வேண்டியதுதானே?"

அதைத்தான் என்னால் செய்ய முடியவில்லை. எனக்காக ஒரு பஸ் நிற்க வேண்டும் என்று கேட்கக் கூச்சம். வேறு யாராவது இழுத்தால் அங்கேயே இறங்கி, மீதியை நடப்பேன். ஆனால் அந்த ஊரில் பஸ்ஸில் பாதி காலி. இழுக்கவும் ஆள் இல்லை. சாலையெல்லாம் வாலாஜாபாத் ரோடு மாதிரி நீண்டு அகலமாகக் கிடக்கும். கார் இருப்பவர்களுக்கான ஊர். அறைத் தோழிகளின் காரில் பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். இரண்டு ஆண்டுகள் யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓடிவிட்டன. சௌகரியமான ஊர்தான். குறை சொல்ல முடியாது.

பிட்ஸ்பர்க் அப்படியில்லை. திருத்தணி மலைமேல் ஒரு நகரத்தைக் கட்டி, கீழே மூன்று ஆறுகளை விட்டது போல இருக்கும். "மூணுலயும் தண்ணியா? வருஷம் பூராவா?" என்று கேட்டீர்கள். பாலாற்று மணலையே பார்த்தவர், நான் வீடியோவில் காட்டும் வரை நம்பவில்லை. பழைய வீடுகள், குறுகிய தெருக்கள், செங்குத்தான படிக்கட்டுகள். எனக்குத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. காரும் இல்லை. பஸ்தான்.

முதல் பனிக்காலத்தில் ஒருநாள், ஒரு நிறுத்தம் தள்ளி இறங்கினால் வழுக்கும் ஏற்றத்தில் திரும்பி ஏற வேண்டியிருக்குமே என்ற பயத்தில் கயிற்றை இழுத்தேன். மணி அடித்தது. பஸ் நின்றது. கதவருகே போனவள், உங்கள் விசிலைக் கேட்டு வளர்ந்த பழக்கத்தில், வண்டி புறப்பட ரைட் கொடுப்பதாக நினைத்து இன்னும் இரண்டு முறை இழுத்துவிட்டேன்.

ஓட்டுநர் ஒரு பருத்த அம்மாள். கண்ணாடியில் என்னைப் பார்த்து, "நிக்கணுமா, போகணுமா? முடிவு பண்ணு கண்ணு" என்றார். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எனக்கு எங்கிருந்து வந்ததோ, "எங்க அப்பா பஸ் கண்டக்டர். எங்க ஊர்ல ரெண்டு தடவன்னா போகலாம்னு அர்த்தம்" என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டேன். அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மறுநாளிலிருந்து நான் இறங்கியதும் ஹாரனை இரண்டு முறை தட்டிவிட்டுத்தான் நகர்வார். நான் போனில் சொன்ன இதை டிப்போ முழுக்க நீங்கள் சொல்லிச் சிரித்ததாக, உங்கள் காரியத்துக்கு வந்த தென்னேரி பஸ் டிரைவர் அண்ணன் அழுதுகொண்டே சொன்னார்.

அந்த ஊரில் அதற்குப் பிறகு எல்லாவற்றையும் நானே கேட்டேன். வீட்டுக்காரரிடம் ஹீட்டரைச் சரிசெய்யச் சொன்னேன். கூட்டத்தில் என் வேலையை நானே விளக்கினேன்.

இன்று மாமா முடிவாகச் சொன்னார்: "ஒங்கப்பா இருந்தா கொலம்பஸ்னுதான் சொல்லியிருப்பாரு."

"அப்பா எந்த ஊருன்னும் சொன்னதில்ல மாமா" என்றேன். "நாந்தான் சொல்றேன். பிட்ஸ்பர்க். கொலம்பஸ்ல என்னை எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்குவாங்க. அங்க நான் பேசவே வேணாம். அதான் வேணாம்னு சொல்றேன்."

"அடியம்மா, இவளுக்கு வாய் இருக்குது!" என்றாள் அத்தை. மாமா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அந்த ஊர்ல நம்ம கோயிலு இருக்குதா?" என்று கேட்டார். இருக்கிறது, மலைமேல், என்றேன். "அப்ப சரி, போ" என்றார்.

அங்கேயே, எல்லோர் முன்னாலும் இரண்டு ஊர்களுக்கும் பதில் அனுப்பினேன்.

சமையலறையிலிருந்து அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள். கண் கலங்கியிருந்தது, ஆனால் சிரித்தாள். "மெதுவா பேசுடி. தெருக் கோடி வரைக்கும் கேக்குது. அப்படியே ஒங்கப்பா தொண்டை."

நெரிசலில் கடைசி சீட்டு வரை போய்ச் சேரும் தொண்டை அது, அப்பா. என்னிடம்தான் இருக்கிறது.