1002 நான் இல்லை

2025 பெப்ரவரி 6, வியாழன்

மீனவர் சங்கத்துக் கணினியில் இருந்து என்னை அழித்துவிட்டார்கள். பூட்டவில்லை, நிறுத்தி வைக்கவில்லை. அழித்துவிட்டார்கள்.

பத்து வருடமாக அதில் ஒவ்வொருவருக்கும் கணக்குத் திறந்து கொடுத்தவள் நான். கரைவலை, களப்பு, கூட்டம் என்று அதற்குள் மூன்று பொது அறைகளை அமைத்து, யார் எதைப் பார்க்கலாம், யார் எதில் எழுதலாம் என்று பிரித்தவள் நான். எவரும் சொல்லித் தரவில்லை. தொண்டு நிறுவனம் ஒன்று விட்டுப்போன கணினி. படம் இல்லை, பொத்தான் இல்லை, கறுப்புத் திரையில் கட்டளையை எழுதினால்தான் அசையும். அகராதியை மடியில் வைத்துக்கொண்டு படித்தேன்.

இன்று காலை மறைச்சொல்லைக் கொடுத்தேன். பிழை என்றது. மூன்று தரமும் பிழை என்றது. புதிய செயலாளர் பிறின்சி பக்கத்து மேசையில் இருந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“படகு வித்திட்டீங்கள் எல்லோ அன்ரி? படகு இல்லாட்டிக் கணக்கு இல்லை. விதியில கிடக்கு.”

“எந்த விசரன் எழுதின விதி?”

“எனக்கென்ன தெரியும்? நான் வரமுதலே இருந்தது.”

எங்கள் கரையில் ஆளைப் படகின் பெயரால்தான் தெரியும். ஞானஸ்நானத்தில் வைத்த கிறேஸ் என்ற பெயர் கோயில் சுவாமியாருக்கு மட்டும். மற்றவர்களுக்கு நான் ஸ்டெல்லா அக்கா. கணினியிலும் எல்லோரும் படகின் பெயரில்தான் இருக்கிறோம். தம்பி இறந்த பிறகு கடலுக்குக் கொண்டுபோக ஆள் இல்லாமல், ஸ்டெல்லாவை ஜனவரியில் கொலின்ஸுக்குக் கொடுத்தேன். அவன் அதற்கு வேறு பெயர் வைத்துக்கொண்டான். படகைக் கொடுத்தேன். என்னையுமா கொடுத்தேன்?

பெப்ரவரி 7, வெள்ளி

பிறின்சி அடித்த கட்டளை: userdel -r stella. அந்த r என்ற ஒற்றை எழுத்தைச் சேர்க்காமல் விட்டிருந்தால் கணக்கு மட்டும் அழிந்து, என் சொந்த அறையாவது மிஞ்சியிருக்கும். பத்து வருடக் காற்றுக் குறிப்பும் நீரோட்டக் குறிப்பும் அதற்குள் இருந்தன. கேட்டால், “அப்பிடித்தானே அன்ரி போட்டிருக்கு” என்கிறாள்.

பொது அறையில் நான் வைத்த கோப்புகள் மட்டும் தப்பியிருக்கின்றன.

பெப்ரவரி 9, ஞாயிறு

பூசையில் பிறின்சி எனக்கு முன் வாங்கில் இருந்தாள். ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் திரும்பினாள். நான் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

பெப்ரவரி 13, வியாழன்

மார்ச் முதலாம் திகதி கரைவலை தொடங்குகிறது. ஒரு பாட்டில், அதாவது வலை வளைத்து இழுக்கும் கரைத் துண்டில், ஒரு நாளைக்கு ஒரு வலைதான். பதினொரு வலைக்கும் முறை உண்டு. அந்த முறைப் பட்டியலைக் கரைவலை அறையில் வைத்திருந்தேன். எல்லோரும் பார்க்கலாம், எழுத என்னால் மட்டும் முடியும். இன்று அதை அச்சடித்து, மீனுக்கு ஐஸ் போடும் வாடிச் சுவரில் ஒட்டியிருக்கிறார்கள். மூன்றாம் முறை ஜெயரூபினியின் வலை. அந்த இடத்தில், கடைசியாகச் சேர்ந்து பதினொன்றில் இருந்த கொலின்ஸ் நிற்கிறான். ஜெயரூபினி பதினொன்றில்.

கால் போன புருஷனை வீட்டில் வைத்துக்கொண்டு, ஆள் பிடித்து வலை இழுப்பிக்கிறவள் அவள். “கடைசி முறை எண்டால் என்ர வலைக்கு ஆர் வருவினம்? முன்னுக்கு உள்ள வலைக்கெல்லோ போயிடுவினம்,” என்று வாடி வாசலில் நின்று கத்தினாள். நியாயம்தான்.

பெப்ரவரி 14, வெள்ளி

நான்தானாம் மாற்றினது.

பட்டியலில் யார் கைவைத்தாலும் கணினி ஒரு வரி எழுதி வைக்கும். பெயர் நீளம் என்று எண்ணை மட்டும் எழுதும்படி செய்து வைத்தது நான்தான். ஒவ்வொரு கணக்குக்கும் ஓர் எண் உண்டு. அந்த வரி சொல்கிறது: பத்தாம் திகதி மாலை 4.20, 1002. அலுவலகச் சுவரில் என் கையெழுத்தில் ஒரு தாள் ஒட்டியிருக்கிறது, எந்த எண் எந்தப் படகு என்று. 1002 — ஸ்டெல்லா.

தலைவர் அல்பேர்ட் வீட்டுக்கு வந்தார். கதிரையில் இருக்கவில்லை.

“கணக்கை எடுத்த கோவத்தில செய்திட்டீங்களோ ஸ்டெல்லாக்கா?”

“கணக்கே இல்லாதவள் எப்பிடி உள்ளுக்குப் போறது?”

“பூட்டுப் போட்ட ஆள் நீங்கள். இன்னொரு திறப்பு இருக்கும் எண்டு கதைக்கினம்.”

“நீங்கள் என்ன கதைக்கிறீங்கள்?”

செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். அவர் பிள்ளைக்கு ஞானத்தாய் நான்!

பெப்ரவரி 15, சனி

ஜெயரூபினி சந்தியில் என்னைக் கண்டும் காணாத மாதிரிச் சைக்கிளை மிதித்தாள். அறுபத்தெட்டு வயதில் எனக்குக் கள்ளி என்ற பெயர். படகை விற்றேன், அறை போனது, அதெல்லாம் போகட்டும். இது போகக்கூடாது. இதை நான் விடமாட்டேன்.

கணினியை ஒரு தரம் பார்க்க விடு என்று கேட்டேன். தலைவரைக் கேட்க வேண்டும் என்றாள் பிறின்சி. கொலின்ஸைக் கேட்கலாம் என்றால் மல்லாவியில் மகள் வீட்டுக்குப் போய்விட்டானாம்.

பெப்ரவரி 17, திங்கள்

ஆளே இல்லாத 1002 எப்படி எழுதும்?

பெப்ரவரி 19, புதன்

அலுமாரியில் பழைய கொப்பிகளை இறக்கினேன். 2016இல் நான் எழுதிய பக்கம் ஒன்று: “புதுக் கணக்குத் திறந்தால் வெறுமையாக உள்ள மிகச் சிறிய எண்ணையே கணினி கொடுக்கிறது.” அழித்தவரின் எண் அடுத்தவருக்கு. எண் யாருடையதோ, கோப்புகளும் அவருடையவை.

கொலின்ஸுக்குக் கணக்குத் திறந்தது எட்டாம் திகதியாம். என் எண்ணோடு என் பட்டியலும் அவன் கைக்குப் போயிருக்கிறது. அவனுக்கே தெரியாமல் இருக்கலாம்.

எழுந்து கூத்தாட வேண்டும் போல் இருந்தது. அதே பக்கத்தின் கீழ்ப்பாதியை வாசித்த பிறகு இருந்துவிட்டேன்.

“படகு போனால் கணக்கை அறையோடு அழித்துவிட வேண்டும். கூட்டத்தில் சொல்லி விதியாக்க வேண்டும்.” பச்சை மை. என் எழுத்து.

மேரி ஸ்ரார் படகுக்கார அந்தோனி அதை விற்றுக் கனடா போன வருடம் அது. அவர் அறைக்குள் என்ன இருந்தது? நான் பார்க்கவே இல்லை. அழித்தேன்.

பெப்ரவரி 22, சனி

சங்கக் கூட்டம். கொப்பியை வீட்டில் வைத்துவிட்டுப் போனேன்.

விசைப்பலகையைத் தொட என்னை விடவில்லை. தொடவும் நான் கேட்கவில்லை. பின்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்று சொன்னேன், பிறின்சி அடித்தாள். சுறா என்று ஒரு கணக்குத் திறக்கச் சொன்னேன். எண் 1031. அதை அழி என்றேன். அழித்தாள். இப்போது திருக்கை என்று ஒன்று திற. திறந்தாள். 1031.

“இன்னொருக்காச் செய்,” என்றார் அல்பேர்ட். செய்தாள். 1031.

“இப்ப கொலின்ஸின்ர எண்ணைக் கேள்,” என்றேன். அடித்தாள். 1002.

மல்லாவியில் இருந்து நேரே வந்திருந்த கொலின்ஸ் எழும்பினான். “ஓம், நான்தான் எழுதினனான். உள்ளுக்குப் போகேக்க அந்தப் பட்டியலுக்குப் பக்கத்தில என்ர படகின்ர பேர் போட்டுக் கிடந்தது. வேற ஆரின்ர பேரும் இல்லை. விருப்பத்தை எழுதச் சொல்லித் தந்திருக்கினம் எண்டு நினைச்சன். ஒட்டினதைப் பாத்திட்டுச் சங்கம் சம்மதிச்சிட்டுது எண்டு சந்தோசப்பட்டன்.”

“விருப்பத்தில உன்னை மூண்டாவதாய்ப் போட்ட நீ, என்னை ஏன் கடைசியில தள்ளினனீ?” என்றாள் ஜெயரூபினி.

“ஆரோ ஒராள் கடைசியில நிக்கத்தானே வேணும்.”

சிரிப்புக் கிளம்பியது. அவள் சிரிக்கவில்லை. கொலின்ஸ் என் பக்கம் திரும்பினான். “செத்த ஆளின்ர உடுப்பைப் போட்ட மாதிரி எல்லோ கிடக்கு அக்கா.”

“நான் இன்னும் சாகேல்லத் தம்பி.”

கலையும் நேரம் பிறின்சி மெல்ல வந்தாள். “நான் விதியைப் பாத்துத்தான் அன்ரி செய்தனான். வேணுமெண்டு செய்யேல்ல. அதையும் ஒருக்காச் சொல்லியிருக்கலாம் நீங்கள்.”

சொல்லவில்லை. என் பெயரில் இருந்த கறை துடைக்கப்பட்டது. அவள் பெயரில் கறை அப்படியே கிடக்கிறது. அழித்துக் குழப்பியவள் என்று வாசலில் இரண்டு பேர் கதைத்ததைக் கேட்டுக்கொண்டுதான் வந்தேன்.

பெப்ரவரி 23, ஞாயிறு

தலைவருக்குக் கொடுக்க எழுதுகிறேன். படியெடுத்து இங்கே.

ஜெயரூபினிக்கு மூன்றாம் முறையைத் திரும்பக் கொடுக்க வேண்டும். ஐஸ் வாடித் தாளைக் கிழித்துப் புதியதை ஒட்ட வேண்டும். ஒட்ட வேண்டியவர் கொலின்ஸ், தன் கையால்.

கணக்குகளை ஆட்களின் பெயருக்கு மாற்ற வேண்டும். படகு விற்கப்படும், பெயரும் மாறும். மாற்ற வேண்டியவர் பிறின்சி.

விலகிப் போனவரின் கணக்கைப் பூட்டினால் போதும். அழிக்கக் கூடாது, எண்ணை வேறொருவருக்குக் கொடுக்கக் கூடாது. இதுவும் பிறின்சி.

முறைப் பட்டியலில் ஒருவர் தனியே எழுதக் கூடாது. இருவர் பார்த்தே மாற்ற வேண்டும். ஒருவர் செயலாளர், மற்றவரைக் கூட்டம் தெரிந்தெடுக்கட்டும். அந்த இடத்தை நான் கேட்க மாட்டேன்.

அந்தோனிக்குக் கடிதம் எழுத வேண்டும். எழுத வேண்டியவள் நான்.

அழிக்கும் விதியைக் கொண்டுவந்தவள் கிறேஸ், பிறின்சி அதைப் பின்பற்றினாள், அவ்வளவுதான் என்று அடுத்த கூட்டத்தில் எல்லோருக்கும் முன்னால் சொல்ல வேண்டும். கொப்பியையும் கொண்டுபோக வேண்டும். நான்.

எனக்குச் சாதாரண உறுப்பினர் கணக்கு ஒன்று, கிறேஸ் என்ற பெயரில். முதல் மறைச்சொல்லைப் பிறின்சி வைக்கட்டும். உள்ளே போனவுடன் நான் அதை மாற்றுவேன்.