இரவல் கூடை

என் தோழிக்கு,

நம் ஏலக்காய்த் தேயிலையின் பக்குவம் உன்னுடையது. தொழில் வளர்ப்பு மையத்துக்கு விண்ணப்பித்தபோது நாம் சரிபாதிப் பங்காளிகள். தேர்வு நாளில் உன்னைக் கொழுந்து பறிப்பவளாக நிறுத்தினால் நடுவர்களுக்குப் பிடிக்கும் என்று மையத்து அதிகாரி ஒருவர் சொன்னார். நான் தலையாட்டினேன். எஸ்டேட் வேலையை விட்டு ஒரு வருடமாகியிருந்த நீ, இடுப்பில் சாக்கும் முதுகில் இரவல் கூடையுமாக மேடையேறினாய்.

"ஏட்டி, நானும் ரெண்டு வார்த்த பேசட்டுமா?" என்று காதருகே கேட்டாய்.

"சும்மா நில்லுடி, அதுவே போதும்."

தேர்வானோம். இன்று நம் தேயிலைக் கம்பெனியில் பதினான்கு பெண்கள் சம்பளம் வாங்குகிறார்கள். நீ மட்டும் தேர்வான அடுத்த வாரமே எஸ்டேட்டுக்குத் திரும்பிவிட்டாய். ஏன் என்று கேட்டேன். "கூடையத்தான் நீயே மாட்டிவிட்டுட்டியே" என்று சிரித்தாய். நானும் சிரித்துவைத்தேன்.

நேற்று மோனிஷாவோடு வாசலில் நின்று, "மேடம், எம் மகளுக்கு ஒரு வேல போட்டுக் குடுங்க" என்றாய். உள்ளே வா என்றுகூட நான் சொல்லவில்லை. விண்ணப்பத் தாளை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாய்.

அவள் திங்கட்கிழமை வரட்டும். எப்போதும்போல் என்னைச் சித்தி என்றே கூப்பிடட்டும். உன்னை மறுபடி 'ஏட்டி' என்று கூப்பிடச் சொல்ல எனக்கு உரிமையில்லை.

உன்னோடு ஒரே எஸ்டேட் லயத்து வரிசை வீடுகளில் வளர்ந்தவள்