பதினாலாம் பாடம் வருவதற்குள்

பேகம்பூர், திண்டுக்கல்
புதன்கிழமை, லுஹர் தொழுத பிறகு

அன்புள்ள மச்சானுக்கு,

உங்கள் கமர்ஜஹான் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே மாமா, ஷப்னம் அக்கா, நான் மூவரும் இருக்கிறோம். சுகம் என்று எழுதக் கை வரவில்லை. செர்பியாவில், உங்கள் நோவிசாதில் குளிர் இறங்கிவிட்டதாகச் சொன்னீர்கள். கட்டடச் சாரத்தில் ஏறும்போது காதை மூடிக்கொள்ளுங்கள்.

தினமும் போனில் பேசுகிறவளுக்குக் கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். நான் கூடத்தில் தும்மினால் உள் அறையில் கேட்கும். அங்கேதான் அக்கா, அண்ணன் போனதிலிருந்து வெளியே வராமல் இத்தா இருக்கிறார். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். நம் தெரு அல் அமீன் வெள்ளிக்கிழமை உங்கள் ஊருக்கு வேலைக்குப் புறப்படுகிறார். ஊறுகாய் டப்பாவோடு இதையும் ஒட்டிக் கொடுத்திருக்கிறேன். ஊறுகாயை அப்புறம் திறங்கள்.

மாமா தோல் மண்டிக்குப் போவதை நிறுத்திவிட்டார். உங்கள் அண்ணன் மௌத்தாகி மூன்று மாதம் ஆகிறது. இன்றும் வாசலில் பைக் நின்றால், "முனீர் வந்துட்டானா?" என்று கேட்டுவிட்டு, பிறகு தலையைக் குனிந்துகொள்கிறார். சோற்றுக்கு வெஞ்சனம் எது வைத்தாலும் இரண்டு வாய்தான்.

அக்கா ஹவுஸா மொழி படிப்பது உங்களுக்குத் தெரியும். எதற்கென்று தெரியாது. நைஜீரியாவில், கானோவில் அண்ணனோடு ஒரே அறையில் இருந்த மாலம் சானி என்ற பெரியவர், அடக்கம் முடிந்த மறுநாள் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார். நாலு நிமிஷம், முழுக்க ஹவுஸாவில். அங்கே தோல் பதனிடும் ஷாப்பில் அண்ணனுக்கு வேலை பழக்கிக் கொடுத்தவர் அவர்தானாம். போனிலேயே மொழிபெயர்த்துக் கேட்கலாமே என்றேன். "அவரு கடேசியாக் கேட்ட பேச்சு புள்ள இது. மெசின் சொல்லி நான் கேக்க மாட்டேன். நானே படிச்சு என் காதால கேட்டுக்கிறேன்" என்றார். இத்தா முடிந்ததும் அந்தப் பெரியவருக்கு அவர் பாஷையிலேயே நன்றி சொல்ல வேண்டுமாம்.

அசர் தொழுகைக்குப் பிறகு இரண்டு பேரும் புத்தகத்தை விரித்து உட்காருவோம். நான் செர்பியம், அவர் ஹவுஸா. "நீ புருசன் இருக்கிற ஊர்ப் பேச்சைப் படிக்கிற, நான் புருசனைப் பொதைச்ச ஊர்ப் பேச்சைப் படிக்கிறேன்" என்று ஒருநாள் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். நான் அன்று என் புத்தகத்தை மூடிவிட்டேன்.

படிக்கப் படிக்க ஆச்சரியமாகத்தான் இருக்கிறது. உங்கள் மொழிக்கு இரண்டு விதமான எழுத்து; அவர் மொழிக்கும் இரண்டு விதம். அதில் ஒன்று அரபு எழுத்து, ஓதப் பழகிய நாக்கு என்பதால் அக்கா கடகடவென்று வாசிக்கிறார். நான் உங்கள் எழுத்தோடு மல்லுக்கட்டுகிறேன். சோப்பை மாமா சாபூன் என்பாரே, ஹவுஸாவில் சபுலு, உங்கள் செர்பியத்தில் சாபுன். அன்று அதற்கு மட்டும் மூன்று பேரும் சிரித்தோம். ஹவுஸாவில் களைத்து வந்தவரிடம் "இனா கஜியா" என்று அலுப்பை நலம் விசாரிப்பார்களாம். எவ்வளவு அலுத்திருந்தாலும் "பா கஜியா", அலுப்பில்லை என்றுதான் பதில் சொல்ல வேண்டும். நான் அடுப்படியிலிருந்து வந்தால் அக்கா அதைத்தான் கேட்கிறார். மரணத்துக்கு அங்கே முதுவா, நம் மௌத்து மாதிரியே. உங்கள் ஊரில் அதற்கு உயிரெழுத்தே இல்லாமல் ஒரு சொல் இருக்கிறது. என் வாயில் நுழையவில்லை. நுழையவே வேண்டாம் மச்சான்.

இனி எழுத வந்ததை எழுதிவிடுகிறேன்.

அக்கா பாடத்தை வரிசை தாண்ட மாட்டார். இரண்டு நாளைக்கு ஒரு பாடம், இப்போது பதினொன்று. எனக்குத்தான் பொறுமை கிடையாது. போன வாரம் அவர் குளிக்கப் போனபோது புத்தகத்தை முன்னால் புரட்டினேன். பதினாலாம் பாடம் உறவுமுறை. செர்பியத்தில் அண்ணனும் தம்பியும் ஒரே 'பிராத்'. ஹவுஸாவில் நம்மைப் போல வேறு வேறு. அண்ணன் 'வா', தம்பி 'கானே'. தினமும் கேட்டுக் கேட்டு அந்தப் பதிவு எனக்கு மனப்பாடம். அதில் ஒரு வரி: "கானென்சா யா சே ஆ பின்னே ஷி ஆ நான்."

அவருடைய தம்பி, இங்கேயே அடக்கிவிடுங்கள் என்றார்.

கம்பெனிக்காரர்கள் யாரையும் கேட்காமல் அடக்கிவிட்டார்கள் என்றுதானே நீங்கள் எங்களிடம் சொன்னீர்கள்? மய்யித்தை அடக்காமல் தாமதிக்கக் கூடாது என்று நினைத்திருப்பீர்கள். ஊருக்குக் கொண்டுவரப் பத்து நாள் ஆகும், மாமாவின் நெஞ்சு தாங்காது என்று நினைத்திருப்பீர்கள். தப்பு என்று நான் சொல்லவில்லை. உங்கள் இடத்தில் நானும் அதையே சொல்லியிருப்பேனோ என்னவோ. ஆனால் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். என்னிடமாவது சொல்லியிருக்கலாம். மூன்று மாதமாக இதைத் தனியாகச் சுமந்துகொண்டு சாரம் ஏறியிருக்கிறீர்கள் என்று நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. கோபமும் வருகிறது.

ஏனென்றால் அக்கா தொழுகைப் பாயில் உட்கார்ந்து தினமும் அழுகிறார். "எவன் சொல்லி என் மனுசனை அங்கே வச்சாங்களோ, அவன் கடேசி முகத்தையும் அவன் வீட்டுக்காரங்க பார்க்கக் கூடாது ரப்பே" என்கிறார். நான் ஆமீன் சொல்லாமல் எழுந்து போய்விடுகிறேன். "ஏன் புள்ள, நீயும் சொல்லேன்" என்று நேற்றுக் கேட்டார். பால் பொங்குது அக்கா என்று ஓடினேன். அடுப்பில் பாலே இல்லை.

இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வரும்போது பன்னிரண்டாம் பாடம் முடிந்திருக்கும். அந்தப் பாஷை அவருக்குப் புரிவதற்குள் நம் பாஷையில் நீங்களே சொல்லிவிடுங்கள். திட்டுவார், அழுவார், கேட்டுக்கொள்ளுங்கள். இத்தாவில் இருப்பவரிடம் பேசலாமா என்று தயங்க வேண்டாம். யாருக்கென்று சொல்லாமல் பள்ளிவாசல் ஹஜரத்திடம் கேட்டுவிட்டேன்; அவசியமான பேச்சைப் போனில் பேசலாம் என்றார். என்னை அங்கே கூட்டிக்கொள்ளப் பேப்பரெல்லாம் தயார், அடுத்த மாதம் டிக்கெட் போடுகிறேன் என்கிறீர்கள். நீங்கள் அவரிடம் பேசும்வரை நான் விமானம் ஏற மாட்டேன். இதைத் தெரிந்து வைத்துக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்து ஸலாம் சொல்லிப் புறப்பட என்னால் முடியாது.

அல்லாஹ் உங்களை ஒவ்வொரு சாயங்காலமும் அந்தச் சாரத்திலிருந்து பத்திரமாக இறக்கிவிடட்டும். அலுப்பில்லை என்று என்னிடம் சொல்ல வேண்டாம், அலுப்பு என்றே சொல்லுங்கள். இன்னொன்றும் கேட்கிறேன், கோபிக்காதீர்கள். கூட வேலை செய்கிறவர்களிடம் என் நம்பரைக் கொடுத்து வையுங்கள். என்ன ஆனாலும் முதலில் எனக்குத்தான் போன் செய்ய வேண்டும் என்று சொல்லி வையுங்கள். 'செக்காய்த்தே' என்றால் பொறுங்கள் என்று அர்த்தம். அவர்கள் போன் செய்தால் சொல்ல, உங்கள் மொழியில் அந்த ஒரு சொல்லை மட்டும் பிசகாமல் பழகிவிட்டேன்.

உங்கள்
கமர்