சுளுக்காத கால்

கோயம்புத்தூர்

அன்புள்ள அப்பாவுக்கு,

நீங்களும் அம்மாவும் நலமா? உங்கள் இருமல் நின்றதா? நான் நலம். என் காலும் நலம்.

ஞாயிற்றுக்கிழமை இங்கே மண் பாதையில் புதியவர்களுக்கான மோட்டார் சைக்கிள் பந்தயம். ஏற்கெனவே இரண்டு பந்தயம் முடித்துவிட்டேன்; இந்த மூன்றாவதையும் ஓட்டி முடித்திருந்தால் அடுத்த பிரிவுக்குப் போயிருப்பேன். ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு நின்றபோது மைக்கில், "எழிலரசி, காலில் சுளுக்கு, விலகல்" என்றார்கள். வேறு யாரோ எழிலரசி என்று நினைத்துச் சிரித்துவிட்டேன்.

பயிற்சியாளர் பிரேம்நாத் சார்தான் தயங்கித் தயங்கிச் சொன்னார். "உங்கப்பாதாம்மா போன் பண்ணாரு. 'பொண்ணுக்குக் காலு சுளுக்கிட்டு இருக்குது சார், கேட்டா இல்லன்னுதான் சொல்லும், வண்டியில ஏத்தாதீங்க'ன்னாரு." அங்கேயே குதித்துக் காட்டினேன். அவர் நம்பவில்லை.

பயம் என்றால் என்னிடமே சொல்லியிருக்கலாம் அப்பா. என் வாய்ச்சொல்லை இன்னொருவர் நம்பாதபடி செய்துவிட்டீர்கள்.

நீங்கள் தைத்துக் கொடுத்த தோல் கையுறையில் வலது கட்டைவிரல் பிரிந்துவிட்டது. ஆம்பூர்க் கைத்தையல் இங்கே யாருக்கும் வரவில்லை. பார்சலில் அனுப்புகிறேன், தைத்து வையுங்கள். அடுத்த பந்தயம் பொங்கல் கழிந்த ஞாயிறு. திருப்பி அனுப்ப வேண்டாம், நீங்களே கொண்டுவாருங்கள். மைக்கில் என் பெயரைக் கூப்பிடும்போது பக்கத்தில் நில்லுங்கள்.

வேலைக்கு நேரமாகிவிட்டது.

எழில்