ஒரு இஞ்ச் குத்து

நேற்று மத்தியானம் உன் மனைவி அந்தக் கராத்தே பேடை ஆட்டோவில் என் ஒர்க் ஷாப்புக்குக் கொடுத்து விட்டிருந்தாள். ஓரம் கிழிந்து பஞ்சு தள்ளிக்கொண்டிருக்கிற அதே சிவப்பு ரெக்சின் பேட். இத்தனை வருஷம் நான் நெஞ்சில் பிடித்துக்கொண்டு நின்றதும் நீ குத்தியதும் அதில்தான். தூக்கியதுமே வியர்வையும் தைலமும் கலந்த நாற்றம் அடித்தது. நாற்றம்தான். செத்துப் போனவன் பொருள் என்பதற்காக மணம் என்று எழுத என்னால் முடியாது. முன்னால் ஒரு வண்டி எஞ்சின் பிரித்தபடி கிடந்தது. வண்டிக்காரர், "அண்ணாச்சி, சாயங்காலம் கெடைக்குமா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் பேடை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

யாரிடமும் சொல்ல முடியாததை உன்னிடம்தானே சொல்லி வந்திருக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

எனக்கு சுகர் வந்தபோது டாக்டர் தினமும் நடக்கச் சொன்னார். நீ, "நடக்கதுக்கு நாய் போதும்லே, நாம கராத்தே போவோம்" என்றாய். குத்துக்கல்வலசையில் அந்தக் கல்யாண மண்டபத்து மொட்டை மாடியில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நடுவில், தொந்தியும் தொப்பையுமாக இரண்டு கிழடுகள். சுரண்டை மார்க்கெட்டில் கமிஷன் கடையில் மூட்டை எடை போட்டுப் போட்டு உன் தோள் இரண்டும் காதுக்குப் பக்கத்தில் ஏறி நிற்கும். மாஸ்டர் உன் தோளைத்தான் முதலில் திட்டினார்.

பிறகு போனில் எதையோ பார்த்துவிட்டு வந்தாய். கையைப் பின்னால் இழுக்காமல், நெஞ்சுக்கு ஒரு இஞ்ச் முன்னால் முஷ்டியை வைத்துக்கொண்டு, அங்கிருந்தே குத்தி ஆளை நாற்காலியில் உட்கார வைக்கிற குத்து. மாஸ்டர், "அது வித்தை காட்டுத குத்துய்யா, சண்டைக்கு ஆகாது" என்றார். நீ கேட்கிற ஆளா? வகுப்பு முடிந்ததும் என்னை நிறுத்தி வைத்தாய். என் நெஞ்சில் பேட், பின்னால் மண்டபத்து பிளாஸ்டிக் நாற்காலி. அன்றிலிருந்து எனக்கு அதுதான் வேலை.

முதலில் ஒன்றுமே வரவில்லை. தள்ளுவாய், குத்தமாட்டாய். "கொசு கடிச்ச மாரி இருக்குலே" என்று நான் சிரிப்பேன். "சிரி மூதி, சிரி" என்பாய். குதிகாலில் ஊன்றி, முழங்கால் நிமிர்ந்து, இடுப்பு திரும்பி, அது தோளில் எங்கும் மாட்டிக்கொள்ளாமல் மணிக்கட்டுக்கு வந்து சேர வேண்டும். எல்லாம் ஒரே நொடியில். உன்னிடம் எல்லாம் இருந்தது, தோளில் வந்து நின்றுவிடும். தோள் இறுகினால் குத்து அங்கேயே செத்துவிடும். "கையில ஒண்ணுமே இல்லலே, கை சும்மா ஒரு வழிதான்" என்று நீ பாடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாய். உன் வாயிலிருந்து அந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அதுவே வேதமாகிவிட்டது.

தோளை இளக்க நீ கண்டுபிடித்த வழி இருக்கிறதே! சீசன் தொடங்கியதும் பழைய குற்றாலத்துக்கு இழுத்துக்கொண்டு போனாய். எல்லோரும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு குளிக்க வருகிற இடத்தில், நீ அருவிக்குள் போய் முஷ்டியை நீட்டிக்கொண்டு நிற்பாய். தோளை இறுக்கினால் தண்ணீர் அடித்து நொறுக்கும், தளர விட்டால் வழிந்து போகும். "அருவி பொய் சொல்லாதுலே" என்று பல் கிடுகிடுக்கச் சொன்னாய். கேரளாவிலிருந்து வந்த ஒரு குடும்பம் நீ ஏதோ வேண்டுதலில் நிற்கிறாய் என்று ஒதுங்கி வழிவிட்டது. நான் தலையில் அடித்துக்கொண்டேன்.

ஆனால் வந்ததே! அடுத்த ஞாயிறு நீ குத்தியபோது என்ன நடந்தது என்று எனக்குத் தெரியவில்லை. நாற்காலியில் இருந்தேன். நாற்காலி கைப்பிடிச் சுவரில் போய் முட்டி நின்றது. நெஞ்செலும்புக்குப் பின்னால் ஏதோ ஒன்று நகர்ந்து திரும்பி வந்ததுபோல் இருந்தது. நீ என்னைத் தூக்கக்கூட வராமல் உன் முஷ்டியையே பார்த்துக்கொண்டு நின்றாய். அன்றைக்கு பிரானூர் பார்டர் கடையில் பரோட்டாவும் கோழியும். என் சுகரை அன்றைக்கு நாம் இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

அடுத்த வருஷம் உன் கை இன்னும் தளர்ந்தது. டீக்கடையில் கிளாஸ் நழுவி விழுந்தது. சட்டைப் பித்தானை வலது கையால் போட முடியவில்லை. ஊரில் வேறு யாராக இருந்தாலும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார்கள். நாம் என்ன செய்தோம்? சந்தோஷப்பட்டோம். "தோள் இறங்கிட்டுலே, பாரு, கை எப்படித் தொங்குது பாரு!" என்று நீ ஆட்டிக் காட்டினாய். நானும் பிடித்துப் பார்த்துவிட்டு, "ஏயப்பா, துணி மாரி கெடக்கே" என்றேன். இத்தனை காலம் எதற்காக அருவியில் நின்றோமோ அது கேட்காமலே வந்துவிட்டது என்று நினைத்தோம். உலகத்தில் வேறு எவனாவது இப்படி ஒரு தப்பைச் செய்திருப்பானா?

பிறகு குத்து குறைந்தது. கையில்தான் ஒன்றுமில்லையே, அதனால் கையை நாம் சந்தேகப்படவே இல்லை. குதிகால் தூக்குகிறது என்றோம். இடுப்பு பிந்துகிறது என்றோம். நீ செருப்பில்லாமல் சுடுகிற மாடியில் நின்று ஊன்றிப் பழகினாய். ஒரு நாள் நான் உனக்காகக் கொஞ்சம் பின்னால் நகர்ந்தேன். உடனே கண்டுபிடித்துவிட்டாய். "நடிக்காதலே. எனக்குப் பொய்யா ஒரு குத்து வேண்டாம்" என்று கத்தினாய். பிள்ளைகள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கும் கோபம் வந்தது. "அப்போ ஒழுங்கா குத்தேன்" என்றேன்.

திருநெல்வேலி நரம்பு டாக்டரிடம் போகும்போது உன் உள்ளங்கையில் சதையே இல்லை. நரம்பு ஒவ்வொன்றாகப் பட்டுப்போகும், கையில் தொடங்கியது கடைசியில் மூச்சுக்கு வரும், மருந்து கிடையாது என்றார். நான்தான் கேட்டேன், முன்னமே கூட்டி வந்திருந்தால் என்று. "முன்னாடியே வந்திருந்தாலும் இதேதான்" என்றார். எல்லோரும் இதை ஆறுதல் என்கிறார்கள். எனக்கு இது ஆறுதல் இல்லை. எது செய்திருந்தாலும் நீ பிழைத்திருக்க மாட்டாய் என்பதில் என்ன ஆறுதல் இருக்கிறது? பஸ்ஸில் ஆலங்குளம் தாண்டும்வரை நீ உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு வந்தாய். பிறகு, "வீட்ல அவட்ட முழுசும் சொல்லாண்டாம், என்ன?" என்றாய்.

உன் மனைவி வெறும் நரம்புத் தளர்ச்சி என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தாள். சரியாகிவிடும் என்று இலஞ்சி முருகனுக்கு நேர்ந்துகொண்டாள். அந்த ஞாயிறு நான் வீட்டுக்கு வந்தபோது, "பேட எடுலே" என்றாய். நான் பின்னால் ஒரு நாற்காலியைப் போட்டுக்கொண்டு நின்றேன், நீ இடது கையால் வலது கையைத் தூக்கி என் நெஞ்சுக்கு நேராக வைத்துக்கொண்டாய். அவள் டீயோடு அடுக்களை வாசலில் வந்து நின்றாள். நீ என் கண்ணைப் பார்த்தாய். முஷ்டி பேடில் பட்டதா என்றே எனக்குத் தெரியவில்லை. நான் நாற்காலியோடு சுவரில் போய் முட்டினேன்.

"ஏ யம்மா! பாத்தியளாண்ணே, பலம் வந்துட்டு!" என்று டீயைத் தரையில் வைத்துவிட்டு, இலத்தூரில் இருக்கிற அவள் அம்மாவுக்கு போன் போட ஓடினாள்.

நீ மூச்சு வாங்கிக்கொண்டு நின்றாய். "நல்லா விழுந்தலே" என்றாய். மூச்சு அடங்கியதும், "இனிமே வரும்போதெல்லாம் விழு" என்றாய். பொய்க் குத்து வேண்டாம் என்று கத்தினவன் நீ. உன் வாயிலிருந்தே அது வந்தது. நான் சரி என்று தலையாட்டினேன்.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் விழுந்தேன். கை உயர்கிறவரை விழுந்தேன். உயராமல் போனபின், நீ கட்டிலில் கிடந்தபடி விரலை அசைப்பாய், அதற்கும் விழுந்தேன். கடைசியில் விரலும் இல்லை, கண்தான். உன் மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள். என்றைக்கு அவள் கைதட்டுவதை நிறுத்தினாள் என்று நாம் இரண்டு பேரும் கவனிக்கவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்துக்கு வந்த கூட்டம் கலைந்தபிறகு என்னிடம் வந்தாள். "அண்ணே, ஒண்ணு கேக்கேன், கோவிச்சுக்காதிய. அன்னைக்கு அவுக குத்துல நெசமாவே பலம் இருந்துச்சா?"

"இருந்துச்சும்மா."

"சரிண்ணே" என்றாள். நம்பினாளா, எனக்காக நம்பியதுபோல் நின்றாளா, தெரியவில்லை.

இன்று காலை வகுப்புக்குப் போயிருந்தேன். நீ போனபிறகு நான் போவதே அபூர்வம். சுரண்டைப் பக்கத்துக் கான்ஸ்டபிள் ஒருவன் புதிதாகச் சேர்ந்திருக்கிறான். நல்ல திடமான பையன், உன்னைப் போலவே போனில் பார்த்துவிட்டு அந்தக் குத்தைக் கேட்டிருக்கிறான். மாஸ்டர் என்னை எதிரே நிறுத்தினார். அவன் முஷ்டியை என் நெஞ்சுக்கு முன்னால் கொண்டு வந்தான், அவ்வளவுதான். நான் கீழே கிடந்தேன்.

"யோவ், அவன் இன்னும் குத்தவே இல்லய்யா!" என்றார் மாஸ்டர்.

எழுந்து நின்றேன். காலை ஊன்றினேன், பல்லைக் கடித்தேன். மறுபடியும் அதேதான். கண்ணை மூடிக்கொண்டு நின்றால் இன்னும் சீக்கிரமாக விழுகிறேன். பிள்ளைகள் சிரித்தார்கள், கான்ஸ்டபிளுக்குப் பயமாகிவிட்டது, "சார், ஒடம்புக்கு ஏதும் முடியலயா?" என்று தண்ணீர் கொண்டு வந்தான். மாஸ்டர் என்னை ஓரமாக உட்காரச் சொல்லிவிட்டார்.

நீ இல்லை என்று எனக்குத் தெரியும். உனக்குத் தோள் கொடுத்துச் சுடுகாடு வரை வந்தவன் நான். இந்த உடம்புக்கு மட்டும் எப்படிச் சொல்லிப் புரியவைப்பது என்று தெரியவில்லைலே. அது இன்னும் உனக்காக விழுகிறது.